நெறி கட்டிய வாரம்

ஊருக்குக் கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது நல்லபெருமாளுக்கு அப்பா வழியில் வந்த சொத்து. வேறு சொத்து எதுவும் வராததால் இதை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார். கேஸ் வால்வு, மாடிக் கதவு, குழாய், கடைசியில் மெயின். நாகர்கோவிலில் கொழுந்தியாள் மகளுக்குக் கல்யாணம். வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இல்லாத ஆட்டோதான், ஆனால் பழைய ஆட்டோக்காரர்களின் கோபத்தை மட்டும் ஹார்னில் பத்திரமாக ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் கை தானாகப் போய் மெயினை அணைத்துவிட்டது.

'இதை அணைக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிய காகிதம் ஸ்விட்சின் மேலேயே ஒட்டியிருந்தது. எழுதியவர் அவர்தான். கை அந்தக் காகிதத்தை மரியாதையாக ஒதுக்கிவிட்டு அணைத்திருக்கிறது.

கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி உலகம்மாள் கை கால் கழுவப் போனாள். நல்லபெருமாள் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். புளித்த வாடை முகத்தில் அறைந்தது. தோசை மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்கி, தட்டில் வழிந்து, கீழே காய்கறிப் பெட்டி வரை இறங்கியிருந்தது. மாவுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி. அதற்குள் மனைவியின் மருந்துக் குப்பிகள்.

ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். நல்ல மருந்து என்றால் தேன் மாதிரி சோம்பலாக நகர வேண்டும். இது குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஓடியது. இந்த மருந்தைக் கண்டுபிடித்த குழுவில் பத்து வருடம் உழைத்தவர் அவர். குளிர் விட்டால் இது எவ்வளவு நேரத்தில் கெடும் என்று அளந்து சொன்னவரும் அவர். அளந்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று ஒரு நொடி திருப்தி கூட வந்தது. மனுஷன் புத்தி அப்படி.

"என்ன அங்க உருட்டுதீங்க?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி குடிக்கேன்" என்றார். பழைய பனியனை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

*

ஆறு வருடத்துக்கு முன்னால் உலகம்மாளுக்கு இடது மார்பில் புற்று என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் இந்த மருந்தை அவளுக்கு விளக்கினார். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் இருக்கிற பிள்ளைகூட நின்றுவிடும். விளக்கம் என்றால் அவளுக்கு ஆகாது. அன்றைக்குப் பொறுமையாகக் கேட்டாள்.

"உடம்புல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு சர்க்கரை இருக்கு, உலகு. ஹயலுரோனான்னு பேரு."

"எனக்குத்தான் சுகர் இல்லயே."

"இது அந்தச் சுகர் இல்ல. நீளமான சங்கிலி. நீளமா இருக்கிற வரைக்கும் சாது. புத்துக்கட்டி பக்கத்துல மட்டும் அது துண்டு துண்டா உடையும். அந்தத் துண்டுங்க நிணநீர்க் குழாய்ச் சுவர்ல இருக்கிற செல்லைப் போய்த் தட்டும். தட்டினா அது கதவைத் திறந்து விட்டுரும். புதுசா கிளைக் குழாய் கூட விடும். புத்துச் செல்லு அது வழியா அக்குளுக்குப் போயி, அங்கேருந்து ஊர் சுத்தக் கிளம்பிரும்."

"உங்க மருந்து என்ன செய்யும்?"

"சங்கிலியை உடைய விடாது. தட்டுறதுக்கு ஆள் இல்லன்னா கதவு பூட்டியே கிடக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கதவு வழியா வேற நல்லவங்க யாரும் போக மாட்டாங்களா?"

பெரிய பெரிய ஆய்வுக் கூட்டங்களில் யாரும் அவ்வளவு சீக்கிரம் கேட்காத கேள்வி. நல்லபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதையும் ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

போவார்கள். உடம்பின் காவல்காரச் செல்களும் அந்தக் கதவு வழியாகத்தான் போகும். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அவர்கள் கொண்டுபோன செய்தியால் கூடிய கூட்டம். கதவு பூட்டியிருந்தால் செய்தி போகாது. நெறி கட்டாது, படை திரளாது, காய்ச்சல்கூட ஒழுங்காக வராது. புற்று இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கும். கூடவே உடம்பும் ஊமையாகிவிடும்.

அதனால் 'பூட்டு மருந்து' போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. உடம்பு செய்ய மறந்த வேலையை அவர் செய்ய வேண்டும். தினமும் நகம், விரலிடுக்கு, ஈறு, பாதம் என்று தேடி, சின்னக் கீறல் இருந்தாலும் அவர் வேலை பார்க்கும் புற்று ஆய்வு மையத்துக்குச் சொல்ல வேண்டும். சில வீடுகளில் மகள்கள் வேலையை விட்டார்கள். சில வீடுகளில் புருஷன்மார் வீட்டையே விட்டார்கள். வீரவநல்லூரில் ஒரு அம்மாவுக்குச் சொத்தைப் பல்லில் சீழ் வைத்தது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. காவலுக்கு இருந்த மருமகள் வாய்க்குள் பார்க்கக் கூச்சப்பட்டாள். அந்த அம்மா ஒரு வாரத்தில் போய்விட்டார். 'இறக்கும்போது புற்று பரவியிருக்கவில்லை' என்று மையத்தின் அறிக்கையில் எழுதினார்கள். அந்த வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தவர் நல்லபெருமாள். இலக்கணத்தை மட்டும்தான் திருத்தினார்.

உலகம்மாளுக்குக் காவல் அவரே. ஆறு வருடமாகச் சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். அவர் டார்ச்சோடு சுங்க அதிகாரி மாதிரி குனிவார். "வாயைத் திற." "கையை நீட்டு." "திரும்பு." ஒரு காலத்தில் இதே மனைவியை இதே ஜன்னலோரம் வைத்து வேறு காரணங்களுக்காகப் பார்த்ததுண்டு. இப்போது இருவருக்குமே அலுத்துவிட்டது. அவருக்கு முதுகு வலி, அவளுக்கு மனசு வலி. யாருடையது பெரியது என்று கேட்கிற அளவுக்குக்கூடத் தெம்பு இல்லை. "எப்படி இருக்கு?" என்பார். "இருக்கு" என்பாள். அதோடு அன்றைய உரையாடல் முடியும்.

மைதானம் அவளுக்குத் தடை. காலையிலும் சாயங்காலமும் ஷூ போட்டுக்கொண்டு பூங்காவில் நடக்க மட்டும் அனுமதி. அவள் கேட்ட ஒரே சலுகை, ஊசியைத் தானே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வது. அவர் போட்ட முதல் ஊசி அவள் தொடையைத் தாண்டி மெத்தைக்குப் போனதால் அவரும் மறுக்கவில்லை.

*

மருந்து கெட்டதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாள் நினைத்தார். மறுநாளும் நினைத்தார். நினைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் ஊசி போடும் நாள். பெட்டியிலிருந்து தண்ணீராய்ப்போன குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நல்லபெருமாள் வெளியே பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மருந்தால் கெடுதல் இல்லை, வெறும் தண்ணீர்தான். ஆனால் பூட்டு?

மையத்தின் மருந்துக் கிடங்கில் இருந்த மைதீனிடம் போய், "தம்பி, ஒரு பெட்டி வேணும். கை தவறிருச்சு" என்றார்.

"எந்தக் கை அண்ணாச்சி?"

"ஏன் கேக்க?"

"போன தடவை மைக்ராஸ்கோப்பை ஒடைச்ச கையா, டைரக்டர் சேலையில காபியைக் கொட்டின கையான்னு பாத்தேன்." மைதீன் சிரித்துவிட்டு, "பெங்களூர்லருந்து வியாழக்கிழமை வரும். பாத்துக்கலாம்" என்றான்.

"வியாழக்கிழமை நிச்சயமா வந்துருமா?"

"வரும்போது வந்துரும் அண்ணாச்சி."

சொன்னபடி வியாழக்கிழமை பெட்டி வந்துவிட்டது. அவர் அதைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பழைய பெட்டியில் மாற்றி வைத்தார். சொந்த வீட்டு ஃப்ரிட்ஜில் திருடுகிறவனுக்காவது வயிறு நிறையும்.

சனிக்கிழமை சாயங்காலம், ஜன்னலோரம். கைகளைப் பார்த்தார். கல்யாண வீட்டில் வைத்த மருதாணி இன்னும் மங்கவில்லை. விரல் நுனி பூராவும் தொப்பி தொப்பியாகச் சிவந்திருந்தது. சிவப்பைத் தேட வேண்டிய இடமே சிவப்பாக இருந்தால் டார்ச் என்ன செய்யும்? அதை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார். வலது அக்குளில் விரல் நின்றது.

"இது என்ன?"

"எது?"

"இங்க. கொண்டைக்கடலை மாதிரி."

"அப்போ கொண்டைக்கடலையா இருக்கும்."

"விளையாடாத உலகு. வலிக்குதா?"

"நீங்க அழுத்துற அழுத்துக்கு கல்லுக்கே வலிக்கும்."

வலிக்கிற கட்டி பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டி என்று அவர் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவர். ஒரு வாரத்தில் புற்று இந்த அளவு வளராது என்பதும் தெரியும். ஆனால் பயம் ஆய்வுக் கட்டுரை எல்லாம் படிப்பதில்லை. பூட்டு திறந்துவிட்டது, இடது மார்பில் மிச்சம் இருந்த எதுவோ வலது பக்கத்துக்கு நடந்துவிட்டது, மெயின் ஸ்விட்சை அணைத்த கைதான் அதற்குக் கதவு திறந்தது. இதுதான் அவருக்குத் தெரிந்தது. டார்ச்சை அணைத்தார்.

உலகம்மாள் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, "காபி போடட்டா?" என்றாள்.

*

மையத்தின் தலைவி டாக்டர் ஹெலன் ஜெபராணி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் எதிராளியைத் திருப்தியாக அனுப்பிவைக்கும் கலை கைவந்தவர். அதனால்தான் தலைவி. திங்கட்கிழமை ஊசியைக் கட்டியில் செருகிச் சோதனைக்குச் செல்களை எடுத்தார். உலகம்மாளிடம் தனியாக ஏதோ பேசினார். பிறகு நல்லபெருமாளை அறைக்குக் கூப்பிட்டார்.

நல்லபெருமாள் மெயின் ஸ்விட்ச் கதையை முழுசாகச் சொன்னார். மாவு பொங்கியதையும் விடவில்லை.

"அதனாலதான் வந்ததா மேடம்?"

"எல்லாக் காரணத்தையும் பாக்கணும் சார்."

"என் தப்பா இல்லையா?"

"தப்புன்னு எதையும் இந்த நிலையில சொல்ல முடியாது."

"எந்த நிலையில சொல்ல முடியும்?"

"ரிப்போர்ட் வரட்டும்."

ரிப்போர்ட் வருவதற்குள் நல்லபெருமாள் சாப்பிட்டாரா என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. உலகம்மாள் அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். அதில் அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டதாக அவள்தான் பிறகு சொன்னாள். சாயங்காலச் சோதனைக்கு மட்டும் அவர் டார்ச்சை எடுக்கவில்லை. அந்தக் கொண்டைக்கடலையை மறுபடி தொடத் தைரியம் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஹெலன் கதவைச் சாத்திவிட்டு, திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

"கவலைப்படுற மாதிரி எதுவும் தட்டுப்படல."

"தட்டுப்படலையா, இல்லையா?"

"தட்டுப்படல சார். நீங்களே பாருங்க."

பார்த்தார். நாற்பது வருடமாகப் பார்த்து அலுத்த செல்கள். ஆனால் இந்த மருந்தில் இருக்கும் பெண்களிடம் அவர் பார்த்ததே இல்லாத கூட்டம். திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு, பிரிந்து பெருகிக்கொண்டு, யாரையோ அடிக்கக் கிளம்புகிற வேகத்தில் நின்றன. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. சாதாரண நெறி. பள்ளிக்கூடப் பையனுக்கு முட்டி பெயர்ந்தால் கட்டுவது போல, எந்தக் குறையும் இல்லாத நெறி.

கண் கலங்கியது. துடைத்துக்கொண்ட பிறகுதான் மூளை வேலை செய்தது.

"பூட்டு மருந்துல இருக்கிறவளுக்கு நெறி எப்படிக் கட்டும்?"

ஹெலன் பேனாவை மூடினார்.

"ஒரு வாரம் நல்ல மருந்து போடாததுனால பூட்டு திறந்திருக்குமோ?" என்று அவரே கேட்டார்.

"மருந்து நின்னாலும் திசுவை விட்டுப் போக மாசக்கணக்குல ஆகும்னு கட்டுரை எழுதினது யாரு சார்?"

எழுதியது அவர்தான். இந்த வாரம் எங்கே போனாலும் அவர் கையெழுத்தே எதிரே வந்து நின்றது.

"அப்படின்னா…"

"நான் டாக்டர். நோயாளி எங்கிட்ட சொன்னதை வெளியே சொல்ல முடியாது. சொல்லாததையும் சொல்ல முடியாது." ஹெலன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அலுப்பு அவரிடமும் இருந்தது. இவ்வளவு நாள் நல்லபெருமாள் கவனித்ததில்லை. "ஒண்ணு மட்டும். இந்த மாதிரி நெறியை நான் இந்த வருஷம் பாக்கிறது இது முதல் தடவை இல்ல. தென்காசி, தூத்துக்குடின்னு வேற வேற வீட்டுப் பொம்பளைங்க. எல்லாரும் மருந்து ஒழுங்கா போடுறதாத்தான் எழுதிக் கொடுக்காங்க. அதை வச்சு மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு நாம கணக்கு எழுதிக்கிட்டிருக்கோம்."

"நான் இப்போ என்ன செய்யட்டும் மேடம்?"

"வீட்ல கேளுங்க சார்."

*

வீட்டில் அவள் இல்லை. பூங்காவிலும் இல்லை. அவள் அங்கே நடந்து மாதக்கணக்காகிறது என்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

தெருவில் திகைத்து நின்றபோது விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ரெண்டு. அந்த ஊதலை அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வீட்டில்கூட அப்படித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகள் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உலகம்மாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், காலில் ஷூ இல்லை. முகத்தில் வேர்வை, புழுதி. பூட்டு மருந்துக்காரர்களுக்கான தடைப் பட்டியல் பூராவையும் ஒரே ஆளாக நின்று மீறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். பிள்ளைகளைத் தொடர்ந்து ஆடச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"ரிப்போர்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு. வெறும் நெறி."

"தெரியும்." வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் மருதாணி தேய்ந்து, நகத்து ஓரம் வீங்கிப் பளபளத்தது. நகச்சுத்து. "கோர்ட்ல நெருஞ்சி பிடுங்கினப்ப முள்ளு ஏறிருச்சு. கல்யாண வீட்டுல மருதாணி வச்சா குளிர்ச்சின்னாங்க. உங்க டார்ச்சுக்கும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன்."

சுங்க அதிகாரி கண் முன்னாலேயே சரக்கு போயிருக்கிறது.

"உலகு, நான் மெயினை அணைச்சிட்டுப் போயிட்டேன். உன் மருந்து பூராவும் கெட்டுப்போச்சு. சொல்லாம மறைச்சு வேற வாங்கி வச்சேன்."

"அதுவும் தெரியும். தரையைத் துடைச்ச மனுசன் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரைத் துடைச்சீங்களா? மாவு காஞ்சு ஓடு கட்டிக் கிடக்கு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம், கெட்டுப்போன மருந்தை வாஷ்பேசின்ல ஊத்தினா என்ன, நல்ல மருந்தை ஊத்தினா என்ன?"

நல்லபெருமாள் மரத்தடிச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார். யாரும் போட்டுக்கொள்ளாத மருந்தைக் கெடுத்துவிட்டதாக ஒரு வாரத்துக்கு மேல் செத்துப் பிழைத்திருக்கிறார்.

"எப்பலருந்து?"

"பொங்கல் லீவு முடிஞ்சதுலருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விளக்குவீங்க."

அவர் வாயைத் திறந்தார். விளக்கமாகத்தான் வந்தது. மூடிக்கொண்டார்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்திரையில நீங்க ஹைதராபாத் மீட்டிங் போனீங்கல்லா, அப்போ எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு ஒரு காய்ச்சல். போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டுக் கெடந்தேன். அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. உடம்பு எனக்காகத் தானா சண்டை போட்டுச்சு. உங்க டார்ச் இல்லாம."

அது அவருக்கு வலித்தது. வலிப்பது ஞாயம்தான் என்றும் தோன்றியது. அவள் அதைக் கண்டுகொண்டவள் போல, "நீங்க பாத்ததைக் குத்தம் சொல்லல" என்றாள். "நீங்க பாக்கலன்னா அந்த வீரவநல்லூர் அம்மா மாதிரி நானும் என்னைக்கோ போயிருப்பேன். ஆனா என்னைப் பாக்கும்போது எங்கிட்ட நீங்க எதையோ தேடிக்கிட்டே இருந்தீங்க. என்னை எப்பவாவது பாத்தீங்களா?"

பந்து உருண்டு வந்து அவர் காலில் முட்டியது. எடுத்து எறிந்தார். அது கோர்ட்டுக்குப் போகாமல் வேலிக்குப் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள்.

சட்டைப் பையில் டார்ச் கனத்தது. மருந்தை விட்டால் ஐந்து வருடத்தில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது, மறுபடி ஆரம்பித்தால் எவ்வளவு குறையும் என்று எல்லாமே நாக்கு நுனியில் நின்றது. வரைபடமாகவே போட்டுக் காட்டலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் நேராக ஒன்று கேட்டதும், ஆராய்ந்துகொண்டிருப்பதாக அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு கேப்பேன்" என்றார். "எனக்காகன்னு பாக்காத. சொதி வச்சுச் சமாளிக்காத. காபி போடட்டான்னு கேக்காத. மருந்தை மறுபடி ஆரம்பிப்பியா, மாட்டியா?"

உலகம்மாள் மைதானத்தைப் பார்த்தாள். விசில் கயிற்றை வீங்கிய விரலில் படாமல் மெதுவாகச் சுற்றினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"மாட்டேன்" என்றாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா மாட்டேன்."